ஒரு கிளிக் சத்தமும் ஒரு ரூபாய் டையோடும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் 2010-ஆம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் பிரிவில் பட்டம் பெற்றவர்.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "டெக்னிக்கலா ஒரு இருபது நிமிஷம் பேசணும் தம்பி. ஆனா எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க, யாரும் தூங்கிடக் கூடாது" என்றார். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்று அவருக்கும் தெரியும். ஆகவே, முடிந்தவரை கதையாகச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். சாப்பாட்டு மணம் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சின்னது. ஒரு ரேடியோ ரிசீவருக்குள் ஒரு ஃபில்டரிலிருந்து இன்னொரு ஃபில்டருக்கு மாற ஒரு ஸ்விட்ச் வேண்டும். அந்த ஸ்விட்ச் ரிலேயாக இருக்கவேண்டுமா, டையோடு மாதிரி அசைவில்லாத சமாசாரமாக இருக்கவேண்டுமா? இவ்வளவுதான். இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னதால் ஒரு பெரியவருக்கு ஒரு ராத்திரி மருந்து கிடைக்காமல் போனது. தப்பான பதில் சொன்னவன் நான்தான். அதனால்தான் இதைப் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில், ஃபில்டர் எதற்கு? சிற்றலை ரேடியோவின் ஏரியலில் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உலகத்தில் இருக்கிற எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை. கணக்காகச் சொன்னால், நாம் கேட்க விரும்பும் சின்ன ஹாம் நிலையத்தின் சிக்னல் 0.2 மைக்ரோவோல்ட் இருக்கலாம். அதே ஏரியலில், 100 கிலோவாட், 500 கிலோவாட் என்று முழங்கும் ஒலிபரப்பு நிலையங்கள் 20 மில்லிவோல்ட் வரைகூடக் கொண்டுவந்து கொட்டும். வோல்டேஜில் 1 லட்சம் மடங்கு. பவரில் பார்த்தால் 1,000 கோடி மடங்கு.

ஆகவே வாசலிலேயே சல்லடை வைக்கிறோம். வீட்டில் மாவுக்கு ஒரு சல்லடை, ரவைக்கு ஒரு சல்லடை என்று வைத்திருப்பதைப் போல, ரிசீவரில் எட்டோ பத்தோ பேண்ட்பாஸ் ஃபில்டர்கள் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் கேட்கும்போது ஒன்று, 21 மெகாஹெர்ட்ஸ் கேட்கும்போது இன்னொன்று. எந்தச் சல்லடை வேண்டுமோ அதை ஏரியலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவது ஸ்விட்சின் வேலை.

நம் அப்பா காலத்து வால்வு ரேடியோவில் இதைக் கையாலேயே செய்தார்கள். பேண்ட் மாற்றும் குமிழைத் திருகினால் 'கடக் கடக்' என்று சத்தம் வருமே, அதுதான். நம் கம்யூனிகேஷன் லேபில்கூட அப்படி ஒரு பழைய ரிசீவர் இருந்தது. 2010-க்கு முன்னால் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். லேப் அட்டெண்டர் அண்ணன் மாதம் ஒருமுறை அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குமிழை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக இருபது தடவை திருகுவார். செட் ஆன் செய்திருக்காது. சும்மா திருகுவார். நாங்கள் சிரிப்போம். "என்னண்ணே, ஜெபம் பண்றீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "சும்மா கிடந்தா கறுத்துப் போயிடும் தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குமிழுக்குப் பதிலாக மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச் வைத்தால், ஃபில்டர்களை முன்பலகைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சிக்னல் எங்கே போகிறதோ அங்கேயே வைக்கலாம். இதற்கு இரண்டு வேட்பாளர்கள்.

முதல் வேட்பாளர் ரிலே. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1835-லேயே செய்து பார்த்த பழைய சங்கதி. கம்பிச்சுருளில் கரண்ட் போனால் அது காந்தமாகி, ஒரு தகட்டை இழுத்து, இரண்டு உலோகப் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும். 'கிளிக்'. அவ்வளவுதான். நல்ல காண்டாக்டின் மின்தடை 0.1 ஓம்கூட இருக்காது. 50 ஓம் சர்க்யூட்டில் அதனால் வரும் இழப்பு 0.01 டெசிபெல்லுக்கும் குறைவு. உலோகத்தோடு உலோகம் சேர்ந்திருப்பதால், எவ்வளவு பெரிய சிக்னல் வந்தாலும் உள்ளதை உள்ளபடி அனுப்பும்.

இரண்டாவது வேட்பாளர் டையோடு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டையோடு என்றால் ஒரு பக்கம் மட்டும் போகவிடும் என்று பிளஸ் டூவில் படித்தோம். அதில் 10 மில்லிஆம்பியர் நேர்மின்சாரத்தைத் தொடர்ந்து ஓடவிட்டால், கதவு திறந்தே இருக்கும். அப்போது சின்ன ரேடியோ சிக்னல் அந்த மின்சாரத்தின் முதுகில் ஏறி இரண்டு பக்கமும் போய்வரும். 26 மில்லிவோல்ட்டை 10 மில்லிஆம்பியரால் வகுத்தால் வருகிற 2.6 ஓம்தான் அதன் தடை. மின்சாரத்தைத் திருப்பிப் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். அசையும் பாகம் கிடையாது, சத்தம் கிடையாது, விலையோ ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்.

இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "பழசு, புதுசு" என்று ஒரு சண்டை தொடங்கிவிடும். நானும் அந்தச் சண்டையில் இறங்கினேன். ரிலே கட்சி. வேலையில் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, ஹாம் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு செட் கட்டினேன். ரிசீவரின் ஃபில்டர்களுக்கெல்லாம் ரிலே. அதுவும் சாதாரண ரிலே இல்லை. ஒரு பழைய கண்ட்ரோல் பேனலிலிருந்து கழற்றிய 10 ஆம்பியர், 250 வோல்ட் ரிலேக்கள். "பம்ப் செட்டையே தாங்கும், இத்துனூண்டு சிக்னலைத் தாங்காதா?" என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நண்பர்களும் தலையாட்டினார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன் டவர்கள் பல இடங்களில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, நண்பர்கள் மூன்று பேர் ஒரு காரில் என் செட்டையும் ஒரு 12 வோல்ட் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். நின்றுகொண்டிருந்த இரண்டு பனைமரங்களுக்கு நடுவே 20 மீட்டர் கம்பியைக் கட்டினோம். 7 மெகாஹெர்ட்ஸில் திருச்சியில் இருந்த இன்னொரு ஹாம் நண்பரைப் பிடித்தோம். ஊர்க்காரர்கள் சொல்லும் செய்தியை நாங்கள் சொல்லுவோம், அவர் அங்கிருந்து உறவினர்களுக்குப் போன் செய்வார். "நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லுங்க தம்பி" என்பதுதான் முக்கால்வாசிச் செய்தி.

மாலை 4 மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இன்சுலின் தீர்ந்துவிட்டது. திருச்சியிலிருந்து 5 மணிக்கு ஒரு நிவாரண வண்டி கிளம்புகிறது என்று எங்களுக்குத் தெரியும். உடனே சொன்னோம்: இன்சுலின் தேவை, இன்ன ஊர், இன்னார். மைக்கை விட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இரைச்சல்கூட அடங்கிப்போய் செட் அமைதியாக இருந்தது.

"பேண்ட் செத்துப்போச்சுடா, வானம் சரியில்லை" என்று நான் தீர்ப்பு சொன்னேன். ஏரியலைப் பார்த்தோம். பேட்டரியைப் பார்த்தோம். கேபிளைக் கழற்றி மாட்டினோம். ஒருவன் எரிச்சலில் செட்டின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். திருச்சி நண்பரின் குரல் பெரிதாக வந்தது: "...என்ன இன்சுலின்? பேர் சொல்லுங்க, என்ன இன்சுலின்?" அடுத்த நொடி மறுபடி அமைதி.

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் பேசுவது அவருக்கு முழுக்கக் கேட்டிருக்கிறது. அவர் பேசுவதுதான் எங்களுக்குக் கேட்கவில்லை. இவ்வளவு நேரமாக அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானோ வானத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து, பேட்டரியில் ஓடும் சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, 7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரின் இரண்டு பக்க ரிலே காண்டாக்ட்களுக்கும் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்தேன். ரிலே இனி தேவையில்லை. அந்தச் சல்லடை மட்டும் நிரந்தரமாக வாசலில் நிற்கும். செட் உயிர் பெற்றது. மணி பார்த்தேன். 40 நிமிஷம் போயிருந்தது. மருந்தின் பெயரைச் சொன்னோம். அங்கே கடையில் வாங்கிவருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் வேறு ஒரு வண்டியில் வந்து சேர்ந்தது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

ஊருக்கு வந்ததும் அந்த ரிலேக்களை உடைத்துப் பார்த்தேன். காண்டாக்ட் வெள்ளி. வெள்ளிக் கொலுசு, வெள்ளி விளக்கு எல்லாம் பீரோவில் வைத்தால் கறுத்துப்போகிறதே, அதே கறுப்பு. காற்றிலுள்ள கந்தக வாயுக்கள் வெள்ளியின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பம்ப் செட்டுக்கு இதே ரிலேயை வைத்தால் பிரச்சினை வராது. ஏனென்றால் ஒவ்வொரு தடவை சேரும்போதும் 230 வோல்ட்டும் சில ஆம்பியரும் ஒரு சின்னத் தீப்பொறியால் அந்தப் படலத்தை எரித்துத் தள்ளிவிடும். என் ரிசீவரில் வருவதோ மைக்ரோவோல்ட். அது படலத்தைத் துளைக்குமா? வாசலில் நின்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. எட்டு மாதம் அலமாரியில் சும்மா கிடந்த செட். தலையில் தட்டியபோது காண்டாக்ட் கொஞ்சம் உரசி, ஒரு நொடி சுத்தமானது. அட்டெண்டர் அண்ணன் இருபது தடவை குமிழைத் திருகியது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்கள் ரிலேயால் ஓடிய காலத்திலேயே எஞ்சினியர்களுக்குத் தெரிந்த விஷயம். பேச்சு மட்டும் போகும் காண்டாக்ட் வழியாக வேண்டுமென்றே கொஞ்சம் நேர்மின்சாரத்தையும் ஓடவிடுவார்கள். அதற்கு வெட்டிங் கரண்ட் என்று பெயர். ரிலேயின் டேட்டா ஷீட்டிலும் எழுதியிருக்கிறது. நாமெல்லாம் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்ற வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று இன்னொரு வரி உண்டு. பவர் ரிலேயில் அது 5 வோல்ட், 100 மில்லிஆம்பியர் என்கிற அளவில் இருக்கும். தங்கமுலாம் பூசிய, காற்றுப் புகாத சின்ன சிக்னல் ரிலேயில் 10 மில்லிவோல்ட், 10 மைக்ரோஆம்பியர் போதும் என்றிருக்கும். பெரியது என்றால் நல்லது என்று நினைத்தவனுக்கு அந்த ஒரு வரி பாடம்.

பாடம் கற்றுக்கொண்டேனா? இல்லை. கட்சி மாறினேன். "ரிலேயே வேண்டாம், எல்லாம் டையோடு" என்று அடுத்த போர்டைக் கட்டினேன். வீட்டில் டப்பா நிறைய 1என்4148 இருந்தது. கம்ப்யூட்டர் சர்க்யூட்களுக்கான வேகமான டையோடு. ஸ்விட்ச் வேகமாக இருந்தால் நல்லதுதானே என்று ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகப் போட்டேன். பகலில் அற்புதமாக வேலை செய்தது. மாலையானதும் 21.2 மெகாஹெர்ட்ஸில் பாட்டும் செய்தியும் கலந்து கேட்டது. அது ஹாம்களுக்கான இடம். அங்கே எந்த ஒலிபரப்பு நிலையமும் கிடையாது.

எங்கிருந்து வந்தது அந்தப் பேய்? 9.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெரிய நிலையம், 11.7-ல் இன்னொன்று. கூட்டிப் பாருங்கள்: 21.2. நேர்மையான கம்பி, இரண்டு சிக்னல் வந்தால் இரண்டையும் அப்படியே அனுப்பும். டையோடு ஒன்றை மற்றொன்றால் பெருக்கிவிடும். இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் கிடைக்கும் என்று கணக்கு சார் கரும்பலகையில் போட்டாரே, அது சும்மா தேர்வுக்காக இல்லை. கவனியுங்கள்: என் 21 மெகாஹெர்ட்ஸ் சல்லடையில் எந்தக் குற்றமும் இல்லை. சல்லடைக்கு முன்னாலேயே டையோடு நிற்கிறது. வாசலில் நிற்பவன் ஏரியலில் வரும் அத்தனை கூட்டத்தையும் பார்க்கிறான். அங்கேயே போலி தயாராகி, அது சரியான அலைவெண்ணில் இருப்பதால் சல்லடை அதை மரியாதையாக உள்ளே விட்டுவிடுகிறது.

மாணவர்களுக்கு ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். கேட்பது நிஜ சிக்னலா, போலியா என்று சந்தேகம் வந்தால், ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு 10 டெசிபெல் அட்டென்யுவேட்டரைச் செருகுங்கள். நிஜம் 10 டெசிபெல் இறங்கும். இந்த மாதிரி இரண்டின் பெருக்கலால் வந்த போலி 20 டெசிபெல் இறங்கும். என் பேய் 20 இறங்கியது.

அப்படியானால் டையோடு கெட்டதா? அதுவும் இல்லை. நான் எடுத்த டையோடுதான் தவறு. 1என்4148 சில நானோ செகண்டுகளில் திறந்து மூடும். ரேடியோ அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் அதனால் ஈடுகொடுக்க முடியும். அப்படி ஈடுகொடுப்பதுதான் இங்கே குற்றம். நமக்கு வேண்டியது மந்தமான டையோடு. ஜப்பானில் ஜுனிச்சி நிஷிசாவா 1950-ல் உருவாக்கிய பின் டையோடு அப்படிப்பட்டது. நடுவில் கலப்படமில்லாத ஒரு அகலமான அடுக்கு. நேர்மின்சாரம் கொடுத்தால் அதில் மின்னூட்டம் நிரம்பி, சில மைக்ரோ செகண்டுகள் தங்கியிருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 0.14 மைக்ரோ செகண்டுதான். அலை வந்து போவதற்குள் அந்தக் குளத்தின் நீர்மட்டம் மாறாது. ஆகவே அது டையோடு போல நடந்துகொள்ளாமல், சாதுவான ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும்.

1987-ல் கேவர்லி, ஹில்லர் என்ற இருவர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். சேமித்த மின்னூட்டமும் அலைவெண்ணும் கூடினால் போலிகள் குறையும். டையோடின் தடை கூடினால் போலிகள் கூடும். அதாவது 1.8, 3.5 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் பேண்டுகளில்தான் டையோடுக்குக் கஷ்டகாலம். கரண்டைக் கஞ்சத்தனமாகக் கொடுத்தாலும் கஷ்டகாலம்.

பின் டையோடுக்கு எங்கே போவது என்று கவலைப்படவேண்டாம். எலிமினேட்டரில், சார்ஜரில் எல்லாம் இருக்குமே 1என்4007, ஆயிரம் வோல்ட் தாங்கும் ரெக்டிஃபையர். ஆயிரம் வோல்ட்டைத் தாங்குவதற்காக அதன் நடுவிலும் அகலமான அடுக்கு வைத்திருக்கிறார்கள். உலகமெங்கும் ஹாம்கள் அதையே பின் டையோடாகப் பயன்படுத்துகிறார்கள். நானும் மாற்றினேன். ஓடும் டையோடுக்கு 10 மில்லிஆம்பியர், மூடிய டையோடுக்குத் திருப்பிப் போட்ட 12 வோல்ட். அந்தத் திருப்பிப் போடுவதை மறக்கக் கூடாது. மூடிய கதவு லேசாக ஆடினாலும் அதுவும் போலிகளை உண்டாக்கும். பேய் இரைச்சலுக்குள் அடங்கிவிட்டது.

அதற்கும் ஒரு விலை உண்டு. மூடியிருக்கும்போதும் 1என்4007-க்கு 15 பிகோஃபாரட் அளவில் கெபாசிட்டன்ஸ் இருக்கும். கணக்குப் போட்டால், ஒற்றை டையோடு 7 மெகாஹெர்ட்ஸில் 24 டெசிபெல்லும், 30 மெகாஹெர்ட்ஸில் வெறும் 11 டெசிபெல்லும்தான் தடுக்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் காற்று வருகிற மாதிரி. ஆகவே தொடரில் இரண்டு, நடுவிலிருந்து தரைக்கு ஒன்று என்று மூன்றாகப் போடவேண்டும். ஒரு ரூபாய் டையோடு அங்கே மூன்று ரூபாய் ஆகிறது. அதற்கான சோக், கெபாசிட்டர் எல்லாம் தனி.

ரிலேயிலும் இடுக்கு உண்டு. என் முதல் போர்டில் சிக்கனம் பார்த்து, இரட்டைக் காண்டாக்ட் உள்ள ஒரே ரிலேயின் ஒரு பாதியை ஃபில்டரின் நுழைவாயிலுக்கும், மறுபாதியை வெளிவாயிலுக்கும் வைத்திருந்தேன். இரண்டு காண்டாக்டும் பக்கத்துப் பக்கத்தில். சிக்னல் சல்லடைக்குள் போகாமல் சுவரேறிக் குதித்து அந்தப் பக்கம் போனது. உள்ளே ஒரு ரிலே, வெளியே ஒரு ரிலே, வேலையில்லாத ஃபில்டரின் முனைகளைத் தரையோடு சேர்ப்பது என்று மாற்றிய பிறகுதான் சரியானது.

இனி, எங்கே எது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். ஏரியலுக்கு நேர் எதிரே, பெரிய சிக்னல்கள் எல்லாம் மோதும் வாசலில், தங்கமுலாம் பூசிய சின்ன ரிலே. அதன் காண்டாக்ட் வழியே ஒரு சோக் மூலம் சில மில்லிஆம்பியர் நேர்மின்சாரம். டையோடுக்குக் கொடுக்கிற தீனியில் கொஞ்சம் ரிலேக்கும் கொடுக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே, மிக்ஸருக்குப் பிறகு, குறுகிய கிரிஸ்டல் ஃபில்டரைத் தாண்டி பெரிய சிக்னல்கள் வடிகட்டப்பட்ட இடத்தில், டையோடு அல்லது எஃப்.எஸ்.டி. 3125 மாதிரி ஐ.சி. ஸ்விட்ச்.

ரிலே ஓயாதா என்று கேட்பார்கள். நல்ல சிக்னல் ரிலே 5 கோடி தடவை அசையும். ஒருநாளைக்கு 50 தடவை பேண்ட் மாற்றினால் 10 லட்சம் நாள், சுமார் 2,700 வருஷம். சங்கப் புலவர் யாராவது தொடங்கிவைத்திருந்தால்கூட இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் செகண்டுக்கு 100 தடவை அலைவெண் தாவும் செட்டில், அந்த வேகத்தில் ஓட்ட முடிந்தாலும், அதே 5 கோடி ஆறே நாளில் தீர்ந்துபோகும். அங்கே ரிலேயைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேள்வி ஒன்றுதான், இடத்துக்குத் தக்கபடி பதில் மாறுகிறது.

பேட்டரிக்கும் வழி இருக்கிறது. 12 வோல்ட் ரிலே ஒன்று இழுத்துப் பிடித்திருக்க 12 மில்லிஆம்பியர் குடிக்கும். 1999-ல் அமெரிக்காவில் வந்த எலெகிராஃப்ட் கே2 என்ற கிட் செட்டில் லாட்சிங் ரிலே வைத்தார்கள். ஒரு துடிப்பு கொடுத்தால் மாறிக்கொள்ளும், அதன்பின் கரண்ட் கேட்காது. பேட்டரியில் ஓடும் செட்டுக்கு மிகப் பொருத்தம். இன்னொரு பக்கம், நம் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2017-ல் வெளியிட்ட மைக்ரோபிட்எக்ஸில், வருகிற சிக்னலை 45 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, ரிசீவர் வாசலில் அத்தனை சல்லடைகளே தேவையில்லாதபடி செய்தார். ஸ்விட்சையே எடுத்துவிடுவதும் ஒரு பதில்தான்.

போன வாரம் நம் அட்டெண்டர் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். கஜா கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் அப்பவே சொன்னேனே தம்பி, நீங்க எங்க கேட்டீங்க?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "எந்தச் சாமானா இருந்தாலும் எப்படி வேலை செய்யும்னு எல்லாரும் படிச்சுடுவீங்க. எப்படிக் கெடும்னு யாரும் படிக்கறதில்லை."

நான் இருபது நிமிஷம் சுற்றிச் சொன்னதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். ரிலே சின்ன சிக்னலில் கெடும், அதுவும் சும்மா கிடந்தால். டையோடு பெரிய சிக்னலில் கெடும், அதுவும் கரண்ட் குறைந்தால். இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். தெரியாமல் தேர்ந்தெடுத்தால், கெடும் நேரம் நம் கையில் இல்லை. யாரோ ஒரு அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் கெடும்.

கடைசியாக ஒரு சின்னக் காணிக்கை. நம் டிபார்ட்மெண்டுக்கு ஒரு போர்டு செய்து கொண்டுவந்திருக்கிறேன். ஒரே மாதிரி ஃபில்டர்கள். இடது பக்கம் ரிலே, வலது பக்கம் டையோடு. டையோடு பக்கத்தில் 1என்4148-ஐயும் 1என்4007-ஐயும் மாற்றிச் செருகலாம், கரண்டைக் கூட்டலாம், குறைக்கலாம். ரிலே பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு வெள்ளிக் காண்டாக்ட் ரிலேயும் வைத்திருக்கிறேன், வெட்டிங் கரண்டுக்குத் தனி ஸ்விட்சோடு. இரண்டு சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் போதும், இன்று நான் சொன்ன அத்தனையையும் மாணவர்கள் அளந்து பார்க்கலாம். நான் சொன்னதில் தப்பிருந்தால் எனக்கு எழுதலாம், சந்தோஷப்படுவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிந்ததும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் உட்கார்ந்து, ரிலே பக்கத்தை இருபது தடவை கிளிக் செய்யுங்கள். பார்த்துச் சிரிப்பவர்களிடம் என்ன சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.